கசிவு – பகையா, நட்பா?

நீரைப் பற்றிப் பேசாத ஊர் தமிழகத்தில் இல்லை. மழை பெய்தாலும் பேச்சு, பொய்த்தாலும் பேச்சு. எனினும் அந்த நீரைத் தாங்கி நிற்கும் கரையைப் பற்றியும், அது ஓடும் வாய்க்காலின் சுவரைப் பற்றியும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கரை உடைந்த அன்றுதான் கரையின் நினைவு நமக்கு வருகிறது. மறுநாள் அதையும் மறந்துவிடுகிறோம்.

நம்முடையது ஏரிகளால் வாழும் வட்டாரம். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடல் நம் அருகில் இருக்கிறது. பல்லவன் தந்திவர்மனின் விருதுப் பெயரைத் தாங்கிய வயிரமேக தடாகம் நம் ஊர் ஏரியே. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே 'ஏரி வாரியம்' என்று தனியே ஒரு குழு அமைத்து, குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் படிக்கும் நாம், நீருக்கும் சுவருக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கருத்துக் கொள்ளாமல் இருப்பது பொருத்தமன்று.

இன்று எங்கும் ஒரு நம்பிக்கை பரவி வருகிறது. மண் வாய்க்கால் என்றால் பழமை, சிமெண்டு வாய்க்கால் என்றால் முன்னேற்றம். கசிகிற கரை பலவீனம், கசியாத கரை பலம் என்பதே அந்த நம்பிக்கை. கசிவை அடியோடு ஒழித்துவிட்டால் நீரும் மிஞ்சும், கரையும் நிலைக்கும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மறு பாதியை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புத்தகத்துச் சுவரும் உண்மைச் சுவரும்

இயற்பியல் படித்தவர்களுக்கு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பெயர் தெரியும். 1883இல் மான்செஸ்டரில் அவர் கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீரைச் செலுத்தி, நடுவே ஒரு சாயக் கோட்டை ஓடவிட்டார். வேகம் குறைவாக இருந்தபோது சாயம் இழுத்துக் கட்டிய நூல்போல் நேராக ஓடியது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் நூல் அறுந்து, சாயம் குழாய் முழுவதும் கலங்கியது. முன்னதை வரிச்சீர் ஓட்டம் என்றும் பின்னதைச் சுழற்சி ஓட்டம் என்றும் படிக்கிறோம். ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 2000 வரை ஓட்டம் சீராக இருக்கும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம்.

ஆனால் அந்த எண் மலைமேல் வெட்டிய கல்வெட்டு அன்று. குழாயின் வாயை நன்கு வளைத்து, அதிர்ச்சியே இல்லாமல் நீரை விட்டால் பன்னிரண்டாயிரத்துக்கும் அப்பால் ஓட்டம் சீராக நிற்பதை ரெனால்ட்ஸே கண்டார். பின்வந்தோர் மிகுந்த கவனத்துடன் அதை ஒரு லட்சம் வரை கொண்டுசென்றனர். ஓட்டம் கலங்குவதும் கலங்காதிருப்பதும் நீரின் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. அதைச் சுற்றியுள்ள சுவர் எப்படிப்பட்டது என்பதையும் பொறுத்தது என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

நம் பாடநூலில் வரும் சுவர் வழவழப்பானது, அசையாதது, ஒரு துளி நீரையும் உள்ளே விடாதது. சுவரைத் தொடும் நீர்ப் படலத்தின் வேகம் சுழி என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குகிறோம். கணக்குக்கு அது வசதி. ஆனால் செய்யாற்றின் அடித்தளம் மணல். ஏரிக்கரை மண். கரையின் உட்சரிவு, இடைவெளிவிட்டு அடுக்கிய கல். இவற்றுள் எதுவும் புத்தகத்துச் சுவர் அன்று. எல்லாம் நுண்துளை நிறைந்த சுவர்கள். நீர் இவற்றின் மேல் ஓடுவதோடு உள்ளேயும் ஓடுகிறது.

உள்ளே ஓடும் நீருக்கு விதி கண்டவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி. தீஜோன் நகரின் குடிநீர்த் திட்டத்துக்காக மணல் நிரப்பிய குழாயில் சோதனை செய்து, அழுத்தச் சரிவுக்கு நேர் விகிதத்தில் நீர் கசியும் என்று 1856இல் வெளியிட்டார். மேலே ஓடும் நீருக்கு ஒரு விதி, உள்ளே கசியும் நீருக்கு ஒரு விதி என்று இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டும் சந்திக்கும் எல்லையில் என்ன நடக்கிறது என்பதை 1967இல் பீவர்ஸ், ஜோசப் என்னும் இருவர் அளந்து பார்த்தனர். அடியில் நுண்துளைப் பாளம் வைத்த கால்வாயில், மூடிய சுவருக்குரிய கணக்கைவிட அதிக நீர் ஓடியது. அதாவது, துளையுள்ள சுவரருகே நீர் முற்றும் நின்றுவிடுவதில்லை. சற்றே வழுக்கிச் செல்கிறது. இந்தச் சிறு வழுக்கலிலிருந்துதான் பெரிய விளைவுகள் பல பிறக்கின்றன.

துளை செய்யும் வேலை

சுவரில் துளை இருந்தால் ஓட்டம் அமைதி பெறுமா, கலங்குமா? இதற்கு அறிவியல் தரும் விடை ஒன்றல்ல, மூன்று.

முதல் விடை: கலங்கும். இரு தட்டுகளுக்கிடையே ஓடும் நீருக்கு, மூடிய சுவர் என்று கொண்டு கணித்த மாறுநிலை ரெனால்ட்ஸ் எண் 5772 என்பது கணிதம் பயில்வோர் அறிந்ததே. சுவர் நுண்துளையுடையது என்று கொண்டு டில்டன், கார்டெலெட்சி ஆகியோர் 2008இல் அதே கணக்கைச் செய்தபோது, மிகச் சிறிய ஊடுருவு திறன் இருந்தாலே அந்த எண் வெகுவாகக் குறைந்துவிடுவதைக் கண்டனர். காரணம் எளிது. மூடிய சுவர் தன்னை நோக்கி வரும் அசைவைத் தடுத்து நிறுத்துகிறது. துளையுள்ள சுவரோ அந்த அசைவுக்கு இடம் கொடுக்கிறது. ஏற்கெனவே சுழன்றோடும் நீரிலும் இதுவே நிலை. துளைச் சுவரருகே பெரும் உருளைச் சுழல்கள் எழுந்து உராய்வைக் கூட்டுகின்றன என்று 2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணித்துக் காட்டினர்.

இரண்டாம் விடை: அமைதி பெறும். ஆனால் அதற்குத் துளை வழியாக நீரோ காற்றோ தொடர்ந்து உள்ளே உறிஞ்சப்பட வேண்டும். எல்லைப்படலக் கொள்கையை 1904இல் உலகுக்கு அளித்த லுட்விக் பிராண்டல், அதே கட்டுரையில் உறிஞ்சுதலால் ஓட்டத்தை வசப்படுத்தலாம் என்றும் காட்டியிருக்கிறார். சாதாரணத் தட்டையான பரப்பில் எல்லைப்படலம் 520 அளவிலேயே நிலை தளரத் தொடங்கும். சீராக உறிஞ்சும் பரப்பில் அதே அளவுகோல் 54,000க்கும் மேலே போய்விடுகிறது. நூறு மடங்குக்கும் அதிகம்! இதை நம்பித்தான் 1960களில் அமெரிக்காவில் எக்ஸ்-21 என்ற சோதனை விமானத்தின் இறக்கைகளில் நுண்ணிய பிளவுகள் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பார்த்தார்கள். தூசியும் பூச்சியும் அந்தப் பிளவுகளுக்குப் பெரும் தொல்லையாயின என்பதும் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மூன்றாம் விடை: துளை எதையும் உறிஞ்சாமல், அலையின் ஆற்றலை மட்டும் விழுங்கியும் அமைதி தரலாம். ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் கலங்களின் மேல் மிகுவொலி அலைகள் தோன்றி ஓட்டத்தைக் கலக்குகின்றன. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு கூம்பின் ஒரு பாதியை வழவழப்பாகவும் மறு பாதியை நுண்துளைகளோடும் செய்து சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். துளையுள்ள பக்கத்தில் ஓட்டம் நெடுந்தொலைவு கலங்காமல் சென்றது. துளைகள் அலையை விழுங்கிவிட்டன.

ஆகவே 'துளை நல்லதா, கெட்டதா' என்று கேட்பதே சரியான கேள்வி அன்று. துளை நீரை எடுக்கிறதா, திருப்பித் தருகிறதா, அலையை விழுங்குகிறதா என்று கேட்க வேண்டும்.

ஒரு காரணம், இரண்டு விளைவு

இதுவரை சொன்னது விமானமும் ஆய்வுக்கூடமும். இனி மண்ணுக்கு வருவோம். உறிஞ்சும் சுவர் ஓட்டத்தை அமைதிப்படுத்தும் என்றால், நீரை உள்ளே இழுக்கும் மணல் வாய்க்கால் மிகவும் உறுதியாக இருக்க வேண்டும் அல்லவா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமகிருஷ்ண ராவ், சீதாராம் ஆகிய இருவரும் மணல் படுகைக் கால்வாயில் இதைச் சோதித்து 1999இல் வெளியிட்டனர். கண்ட முடிவு எதிர்மாறானது. நீர் கீழே இழுக்கப்படும்போது மணற்பருக்கைகள் எளிதில் பெயர்ந்து நகர்ந்தன.

இது முரண்பாடு போலத் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் முரண்பாடு இல்லை. உறிஞ்சும்போது சுவரருகே உள்ள மெதுவான நீர் விலக்கப்படுகிறது. மேலே ஓடும் வேகமான நீர் சுவரை நெருங்கி வருகிறது. இப்படி நெருங்கிய வேகப் பரவல் சிறு அலைகளை வளரவிடாது. ஆகவே ஓட்டம் அமைதி பெறுகிறது. அதே நெருக்கத்தால் சுவரின்மேல் இழுவிசை கூடுகிறது. இறக்கை உலோகம், அது இழுவையைத் தாங்கிக்கொள்ளும். மணல் தாங்குமா? பெயர்ந்துவிடுகிறது.

இங்கேதான் என் வாதத்தின் நடுப்புள்ளி இருக்கிறது. ஓட்டத்தின் நிலைப்பு வேறு. சுவரின் நிலைப்பு வேறு. நீர் அமைதியாக ஓடுவதாலேயே கரை பத்திரமாக இருக்கிறது என்று பொருள் ஆகாது. கரை வழவழப்பாக இருப்பதாலேயே நீர் அதற்கு அடங்கிவிட்டது என்றும் பொருள் ஆகாது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் 'பூசிவிட்டால் போதும்' என்ற எண்ணம் வருகிறது.

ஏரிக்கரையில் நடப்பது

நம் ஏரிக்கரைகளின் உட்சரிவில் கற்களைச் சாந்தின்றி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சத்தனத்தால் சாந்தை விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் ஏரி நிறைந்து அலையடிக்கும்போது, அலை கற்களின் இடுக்கில் புகுந்து, சிதறி, வலிமை இழந்து திரும்புகிறது. வழவழப்பான சரிவில் அதே அலை தடையின்றி மேலேறிக் கரையின் உச்சியைத் தொடும். கரடுமுரடான கல்லடுக்கில் அலை ஏறும் உயரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும் என்பது கடற்கரைக் காப்புப் பொறியாளர்களின் கணக்கு. மேலே சொன்ன மூன்றாம் விடையே இங்கும் செயல்படுகிறது.

கல்லடுக்குக்கு இன்னொரு பணியும் உண்டு. ஏரி நிறைந்திருக்கும்போது கரையின் மண்ணும் நீர் குடித்து நிற்கிறது. ஏரி நீர் விரைந்து இறங்கினால், மண்ணுக்குள் தங்கிய நீர் அதே விரைவில் இறங்காது. ஏரியை நோக்கி வெளியே தள்ளும். கல்லடுக்காக இருந்தால் இடுக்கு வழியாக அது வழிந்துவிடும். கசிவுத் துளையே இல்லாத சிமெண்டுப் பலகையாக இருந்தால், பின்னால் தேங்கிய நீர் பலகையை முதுகிலிருந்து தள்ளும். பலகை புடைக்கும், வெடிக்கும். வெடித்த பிளவு வழியே அடுத்த மழையில் நீர் உள்ளே புகும். உள்ளே போகும் வழி திறந்தும் வெளியே வரும் வழி மூடியும் இருந்தால், மண் உள்ளுக்குள்ளேயே கரைந்து பலகைக்குப் பின் பொந்து விழும். வெளியே நின்று பார்ப்பவர்க்குக் கரை புதிதாகவே தோன்றும்.

கசிவில் நட்பும் உண்டு, பகையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கரையின் புறச்சரிவில் நீர் மேல்நோக்கி ஊறி வரும்போது அது மண்ணைத் தூக்குகிறது. கசிவின் அழுத்தச் சரிவு ஏறத்தாழ ஒன்று என்ற அளவை எட்டினால் மணல் தன் எடையை இழந்து கொதிப்பதுபோல் பொங்கும். மண் இயக்கவியலின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் டெர்சாகி இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு பருக்கை போனால் அடுத்த பருக்கைக்கு வழி. சிறிது சிறிதாகக் கரைக்குள் ஒரு குழாயே உண்டாகிவிடும். நண்டு வளையும் எலி வளையும் பட்ட மரத்தின் மக்கிய வேரும் அந்தக் குழாய்க்குக் கால்கோள் விழா நடத்திவைக்கின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், நீர் ஊர மண் என்னாகும்?

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை 1976ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், முதன்முறை நிரம்பும்போதே இப்படி உள்ளரிப்பால் உடைந்து 11 உயிர்களைக் கொண்டுபோயிற்று. காலையில் கலங்கிய கசிவாகத் தெரிந்தது. நண்பகலுக்குள் அணையே இல்லை. அவ்வளவு பெரிய நாட்டின் பெரும் பொறியாளர்கள் கட்டிய அணைக்கே இந்தக் கதி. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையில் நம் மாவட்டத்து ஏரிகள் சில உடைந்ததையும் நாம் மறந்துவிடவில்லை.

இந்தப் பகைக்கு டெர்சாகி சொன்ன மருந்து கசிவை மூடுவதன்று, வடிகட்டுவது. மண்ணுக்கும் கல்லுக்கும் இடையே மணல், சரளை என்று படிப்படியாகப் பருக்கை பெரிதாகும் அடுக்குகள் வேண்டும். மண் தப்ப முடியாத அளவுக்குச் சிறிய துளை. நீர் தடையின்றிப் போகும் அளவுக்குப் பெரிய துளை. இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'நீர் போகலாம், மண் போகக் கூடாது' என்ற ஒரே வாக்கியத்தில் அவர் கொள்கையை அடக்கிவிடலாம். வீட்டில் பால் வடிகட்டுகிற எந்தத் தாய்க்கும் இது புரியும்.

ஆகவே கரையைக் காக்கும் காவலர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இது: தெளிந்த நீர் சிறிதளவு கசிந்தால் கவனித்து வாருங்கள், கலங்கிய நீர் கசிந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

வாய்க்கால் யாருக்கு?

வாய்க்காலுக்கு வருவோம். சிமெண்டு பூசுவதை ஆதரிப்போரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. மண் வாய்க்காலில் வழியெல்லாம் நீர் கசிந்துவிட, கடைமடை உழவன் வானத்தைப் பார்த்து நிற்கிறான். அவனுக்கும் வரி உண்டு, உரிமையும் உண்டு. ஆட்கூலி ஏறிவிட்ட இந்நாளில் ஆண்டுதோறும் வாய்க்கால் வெட்டிச் சீர்செய்ய ஆள் கிடைப்பதும் அரிது. இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் கசிந்த நீர் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் அவர்கள் விடை சொல்ல வேண்டும். அது காணாமற்போகவில்லை; கிணற்றுக்குப் போயிற்று. ஈரோடு பகுதியில் 1950களில் வெட்டப்பட்ட கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள மண் வாய்க்கால். அதற்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது உழவர்களே இரு பிரிவாயினர். கடைமடைக்கு நீர் வேண்டும் என்றனர் ஒரு சாரார். கசிவு நீரால் வாழும் கிணறுகளும் குட்டைகளும் தென்னைகளும் என்னாகும் என்றனர் மறு சாரார். 2020க்குப் பின் அங்கே போராட்டங்கள் நடந்தன. இரு சாராருமே உழவர்கள். இரு சாராரின் கவலையும் உண்மையானது.

நம் பகுதிக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. பாலாறும் செய்யாறும் ஆண்டில் பல மாதம் மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்குள் ஓடுபவை. அந்த அடிநீரைத் தோண்டி எடுத்து வயலுக்குக் கொண்டுசெல்ல நம் முன்னோர் ஊற்றுக்கால்களை வெட்டினர். மணல் என்ற நுண்துளைச் சுவரையே அவர்கள் நீர்த்தொட்டியாகப் பயன்படுத்தினர். அந்த மணலை அள்ளி விற்றதன் பலனை இன்று கிணறுகள் சொல்கின்றன. மூடிய சுவரும் ஆபத்து, சுவரையே அள்ளிக்கொண்டு போவதும் ஆபத்து.

என் கருத்து இது. எல்லா இடத்திலும் பூசுவதும் தவறு. எங்கும் பூசவே கூடாது என்பதும் தவறு. வீடுகளை ஒட்டி வாய்க்கால் செல்லும் இடத்திலும், மதகின் வாயிலிலும், நீர் விழும் இடத்திலும், அடித்து ஓடும் சரிவிலும் பூசட்டும். அங்கே சுவரின் நிலைப்பே முதன்மை. பூசும் இடத்தில் கசிவுத் துளையும் அதன் பின்னே வடிகட்டும் சரளையும் கட்டாயம் இருக்கட்டும். கிணறுகள் சூழ்ந்த நெடுந்தொலைவில் மண் வாய்க்கால் மண்ணாகவே இருக்கட்டும். ஏரியின் உட்சரிவில் சாந்தில்லாத கல்லடுக்கைப் பெயர்த்துவிட்டுப் பலகை போடும் முன், அதன் பின்னால் தேங்கும் நீருக்கு வழி என்ன என்று கேட்கட்டும். கேட்பது யார்? அங்கேதான் கல்லூரி வருகிறது.

நாம் செய்யத் தக்கது

முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் நாம் பார்த்திருக்கிறோம். குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அந்தக் கல்வெட்டின் மற்றொரு விதியைப் பற்றிப் பேசுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவன் உறவினரும் மீண்டும் வாரியம் ஏற முடியாது. ஏரியை ஆளும் உரிமை கணக்குக் காட்டுவதோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே இடமளித்தது என்பதும் உண்மை. கரையில் கூடை சுமந்தவனுக்கு அதில் ஓலை இல்லை. இன்று அவன் மகனும் மகளும் அரசுக் கல்லூரியில் நம்மோடு அமர்ந்து படிக்கிறார்கள். அன்றைய வாரியத்தின் கணக்கை அவர்கள் கையால் எழுதவைப்பதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேறு என்ன இருக்க முடியும்?

2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் குடிமராமத்துத் திட்டம் நம் மாவட்டத்து மணிமங்கலத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. தூர் வாரினர், கரையை உயர்த்தினர். நல்லதே. ஆனால் எந்தக் கரையில் எத்தனை கசிவு, எந்த மாதம் கூடுகிறது, தெளிவா கலங்கலா என்ற கணக்கும் உடன் வேண்டும். இதற்குக் கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை. ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஓர் அளவுகோல், ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு குறிப்பேடு போதும். கசியும் இடத்தில் வாளி நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். குவளையில் பிடித்து வைத்து, அடியில் மண் படிகிறதா என்று காணலாம். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளக்கலாம். ஒரு பிளாஸ்டிக் குழாயில் கரை மண்ணை நிரப்பி, டார்சியின் சோதனையை நம் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம்.

கணிதத் துறை வரைபடம் போடட்டும். இயற்பியல் துறை அளக்கட்டும். வரலாற்றுத் துறை பழைய மதகுகளின் வயதைத் தேடட்டும். தமிழ்த் துறை மடை, தூம்பு, கலிங்கு, கரைகாவல் என்று ஊர் முதியோர் வாயில் இன்னும் உயிரோடிருக்கும் சொற்களைத் திரட்டட்டும். பொருளியல் துறை, பூசிய வாய்க்காலின் கீழும் பூசாத வாய்க்காலின் கீழும் உள்ள வயல்களின் விளைச்சலை ஒப்பிடட்டும். ஐந்து ஆண்டுகள் விடாது செய்தால், இந்த வட்டாரத்தில் எங்கே கசிவு நட்பு, எங்கே பகை என்று சொல்லும் ஒரு சுவடி நம் நூலகத்தில் இருக்கும். அதைப் புரட்டிப் பார்க்காமல் எவரும் ஒரு மூட்டை சிமெண்டையும் கரைக்குக் கொண்டுவர முடியாது என்ற நிலை வரவேண்டும்.

ரெனால்ட்ஸ் எண்ணை மனப்பாடம் செய்து தேர்வெழுதுவது வாழ்க்கைக்கு ஒரு வாயில். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கரைக்குக் கீழே வீடுள்ள மாணவனுக்குப் பாய்ம இயக்கவியல் என்பது பத்து மதிப்பெண் வினா மட்டுமன்று. கார்த்திகை இரவில் வீட்டார் நிம்மதியாக உறங்குவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாளியும் குறிப்பேடும் இன்றே கிடைக்கும். துறைத் தலைவர்கள் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே முதல் அளவை எழுதத் தொடங்கிவிடலாம்.